ஃபிரிட்ஜுக்கு எதுக்குங்க பிரெஞ்சு?

போன மாசம் ஒரு நண்பர் வீட்ல பிறந்தநாள் விருந்து. அங்க ஒரு தம்பி. ஊர்லேர்ந்து பாரீஸ் வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு, கணினி வேலை. நான் இந்த ஊர்ல இருபது வருஷமா குப்பை கொட்டுறேன்னு தெரிஞ்சதும் செல்போனை எடுத்து நீட்டினார். பச்சை ஆந்தை ஒண்ணு பல்லைக் காட்டுது. கீழ 412ன்னு எண். விடாம 412 நாள் பிரெஞ்சு பயிற்சியாம். ஒரு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தப்பக் கூட விடலையாம். அதோட நிக்கல. செல்போன் முழுக்க பிரெஞ்சுல மாத்தி வெச்சிருக்கார், வீட்ல ஃபிரிட்ஜ், கதவு, கண்ணாடி எல்லாத்துலயும் மஞ்சச் சீட்டு ஒட்டி வெச்சிருக்கார், ராத்திரி பிரெஞ்சு சீரியல் பாத்துட்டுத்தான் தூங்கறார். "அன்றாட வாழ்க்கையையே பிரெஞ்சாக்கிட்டேன் அண்ணா" அப்படின்னார். எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த நேரம் பார்த்து பீட்சா கொண்டு வர்ற பையன் போன் பண்றான். ஆர்டர் போட்டது இந்தத் தம்பிதான். கீழ கதவு கோடு என்ன, எத்தனாவது எத்தாஜ், அவ்வளவுதான் கேட்டான். எனக்கே தள்ளி நின்னு கேக்குது. தம்பி முகத்துல வேர்வை. போனை என் கையில குடுத்துட்டு பால்கனிக்குப் போயிட்டார்.

சிரிக்கறதுக்காகச் சொல்லல. அந்தத் தம்பி நிலைமையில நான் அஞ்சு வருஷம் இருந்தேன். அதான் இந்தப் பதிவே. ஊரெல்லாம் ஒரு உபதேசம் சுத்திக்கிட்டு இருக்கு: "சுத்தி இருக்கறதை எல்லாம் பிரெஞ்சா மாத்து, தினம் பத்து நிமிஷம் காதுல போடு, தானா வந்துடும்." வராதுங்க. அது பிரெஞ்சுப் பயிற்சி இல்ல, வீட்டு அலங்காரம். நம்ம பதிலுக்காக ஒரு மனுஷன் எதிர்ல காத்துக்கிட்டு நிக்காத எந்தப் பழக்கமும் பேசப் பழகற பழக்கம் ஆகாது. இதுதான் என் கட்சி. திட்ட நினைக்கறவங்க முழுசாப் படிச்சிட்டுத் திட்டவும் :-)

என் கதையைச் சொல்லிடறேன். 2006-ல வந்தேன். ஆபீஸ்ல இங்கிலீஷ், வீட்ல தமிழ். ஆனா சோம்பேறி இல்லை. தினமும் ரயில்ல இலவசமாக் குடுக்கற பேப்பரை முதல் பக்கத்துலேர்ந்து ராசிபலன் வரைக்கும் படிப்பேன். ராத்திரி எட்டு மணி செய்தி பாப்பேன். ஆர்எஃப்ஐ வானொலியில 'எளிய பிரெஞ்சுச் செய்தி'ன்னு பத்து நிமிஷம் போடுவாங்க, அதுவும் உண்டு. அஞ்சு வருஷத்துல டிவியில அரசியல்வாதிங்க போடற சண்டை அத்தனையும் புரியும். யாராவது கேட்டா "பிரெஞ்சா? நல்லாத் தெரியுமே"ன்னு சொல்லிக்குவேன்.

2011 குளிர்காலம். ராத்திரி ரெண்டு மணி. பையனுக்கு ஒண்ணரை வயசு. உடம்பு அனலாக் கொதிக்குது, திடீர்னு கை கால் வெட்டி இழுக்குது. 15-ஐ அழுத்தறேன், இங்க அவசர மருத்துவ உதவிக்கு அந்த எண்தான். அந்தப் பக்கம் ஒரு அம்மா நிதானமா, தெளிவா கேக்கறாங்க. விலாசம் என்ன? குழந்தைக்கு என்ன வயசு? எவ்வளவு நேரமா இப்படி? மூச்சு சீரா இருக்கா? ஒவ்வொரு சொல்லும் புரியுது. ஒவ்வொரு சொல்லும்! ஆனா வாயிலேர்ந்து ஒண்ணுமே வரல. எங்க கட்டிட எண் 96. பிரெஞ்சுல அது காத்ர-வேன்-சேஸ், அதாவது நாலு இருபது, கூட பதினாறு. நூறு தடவை படிச்ச எண், வாய்ல ஒரு தடவைகூட சொன்னதில்லை. "காத்ர... காத்ர..."ன்னு நிக்கறேன். வீட்டுக்காரம்மா எதிர் வீட்டுக் கதவை இடிச்சு, அங்க இருந்த பாட்டியம்மாவை இரவு உடுப்போட இழுத்துக்கிட்டு வந்தாங்க. அவங்கதான் போனை வாங்கிப் பேசினாங்க. வண்டி வந்துச்சு, காய்ச்சல் வலிப்புதான், பையன் பொழைச்சான், இப்ப என்னை விட உயரம். ஆனா அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் என் தொண்டையிலதான் உக்காந்திருக்கு.

அப்புறம்தான் யோசிச்சேன். அஞ்சு வருஷம் தினமும் நான் பண்ணினது என்ன? காதுக்கும் கண்ணுக்கும் கசரத்து. நாக்குக்கு லீவு.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்ல, இதுக்கு ஒரு பெரிய சான்று கனடாவுல இருக்கு. 1965-ல மொன்ரியாலுக்குப் பக்கத்துல செயின்ட் லாம்பர்ட்ங்கற ஊர்ல இங்கிலீஷ் பேசற வீட்டுப் பிள்ளைங்களை எல்.கே.ஜி வயசுலேர்ந்தே பிரெஞ்சுலயே பாடம் நடத்தற வகுப்புல போட்டாங்க. அந்த முறை கனடா முழுக்கப் பரவுச்சு. யோசிச்சுப் பாருங்க, மஞ்சச் சீட்டு என்ன மஞ்சச் சீட்டு, கணக்கு, அறிவியல், வாத்தியார் திட்டறது வரைக்கும் பிரெஞ்சு. வருஷக்கணக்கா. பிறகு மெரில் ஸ்வெய்ன்னு ஒரு ஆய்வாளர் இந்த மாதிரிப் பிள்ளைங்களைச் சோதிச்சு 1985-ல எழுதினாங்க. கேட்டுப் புரிஞ்சுக்கறதுல கிட்டத்தட்ட பிரெஞ்சுக்காரப் பிள்ளைங்க அளவுக்கு வந்துட்டாங்க. பேச்சிலயும் எழுத்திலயும் இலக்கணம் மட்டும் அந்த அளவுக்கு வரல. ஏன்னா வகுப்புல வாத்தியார் பேசறார், பிள்ளைங்க ஒரு சொல், ரெண்டு சொல்லுல பதில் சொல்லித் தப்பிச்சிடறாங்க. முழு வாக்கியம் சொல்லியே ஆகணும்ங்கற நெருக்கடி வந்ததே இல்லை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஸ்டீபன் கிராஷென்ங்கறவர் "புரியற மாதிரி காதுல விழுந்துக்கிட்டே இருந்தாப் போதும்"ங்கற கட்சியைப் பெரிசாக் கிளப்பி இருந்தார். நம்ம உபதேசிகள் பலர் பேசறது, தெரிஞ்சோ தெரியாமலோ, அவர் கட்சிதான். காதுல விழணும், சரி. மறுக்கல. பத்தாது.

தமிழ் வாய்க்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பிரெஞ்சுல மீனுக்கு ஒரு சொல், குடிக்கற பானத்துக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். மூணையும் தமிழ்ல எழுதிப் பாருங்க: புவாஸோன், புவாஸோன், புவாஸோன். ஆச்சா? ஒண்ணுல முதல் எழுத்து 'பம்பரம்'ல வர்ற முதல் ப, இன்னொண்ணுல அதே 'பம்பரம்'ல வர்ற ரெண்டாவது ப. விஷத்துக்கு நடுவுல வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு ஸ, அது நம்மகிட்ட கிடையவே கிடையாது. சீரியல் பாத்தா இது புரியும்; கதை நடக்கறதை வெச்சு மீனா விஷமான்னு தெரிஞ்சுடும். ஆனா சந்தையில நின்னு நீங்க கேட்டுப் பாக்கணும். "இந்த விஷம் புதுசுதானா?"ன்னு நான் கேட்டு, மீன்காரர் கத்தியை வெச்சுட்டு கடகடன்னு சிரிச்சாரு பாருங்க, அன்னிக்குத் திருந்துச்சு என் நாக்கு. அதே மாதிரி மேலே, கீழேங்கறதுக்கு 'தஸ்யூ', 'தஸூ'. உதட்டைக் குவிச்சுக்கிட்டே உள்ளே 'இ' சொல்லணும் முதல் சொல்லுக்கு. தண்ணி ஒழுகுது, மேல் வீட்டுலேர்ந்துன்னு பிளம்பர்கிட்டச் சொல்லப் போய், அவர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டின கதையும் உண்டு. எந்த ஆந்தையும் அன்னிக்கு வந்து தலையிலக் குட்டல.

சரி, செல்போனை பிரெஞ்சுல மாத்தறதுல என்ன தப்பு? தப்பே இல்லை. ஒரு வாரத்துல எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு கட்டை விரலுக்கே தெரிஞ்சுடும், அப்புறம் நீங்க அதைப் படிக்கறதே இல்லை. படிச்சாலும் 'ரத்து செய்', 'சேமி', 'அமைப்புகள்'. இந்த மூணை வெச்சுக்கிட்டு ரொட்டிக் கடையில என்ன பேசுவீங்க? மஞ்சச் சீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளுபடி தரேன். ஆண்பால் பெண்பாலைச் சேத்து எழுதி ஒட்டினா உபயோகம் உண்டு. நமக்கு மேசை, நாற்காலி எல்லாம் அஃறிணை, வேலை முடிஞ்சுது. இவங்களுக்கு சாதா நாற்காலி பெண்ணு, கை வெச்ச சாய்வு நாற்காலி ஆணு. அதை மனப்பாடம்தான் பண்ணணும், வேற கதியில்லை. ஆனாலும் ஃபிரிட்ஜ் உங்ககிட்ட ஒரு கேள்வியும் கேக்கப் போறதில்லை.

இதுல கொடுமை என்னன்னா, கேள்வி கேக்கற மனுஷங்களை நாமளே ஒவ்வொருத்தரா விரட்டிக்கிட்டு இருக்கோம். நான் வந்த புதுசுல டாக்டரைப் பாக்க போன் பண்ணித்தான் ரான்தேவூ வாங்கணும். இப்ப டாக்டோலிப்ல தட்டினா முடிஞ்சுது. ரயில் டிக்கெட் மெஷின்ல. சூப்பர் மார்க்கெட்ல நாமளே பில் போட்டுக்கற கல்லா. சாப்பாடு ஆப்புல. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பிரான்சுல ஒருத்தர் வாயே திறக்காம வாழலாம், வாழறாங்க. அப்புறம் ராத்திரி ஒம்பது மணிக்கு "பேசிப் பழக ஆளே கிடைக்கலயே"ன்னு ஆப்பைத் திறந்து ஆந்தைகிட்ட "ஆப்பிள் சிவப்பா இருக்கிறது"ன்னு சொல்றாங்க. காலையில ஆப்பிள் வித்த கடைக்காரர்கிட்ட சொல்லலை பாருங்க!

அதனால நான் வெச்சிருக்கற பழக்கமெல்லாம் ரொம்ப மொக்கையானது. வரிசை நீளமா இருந்தாலும் மனுஷி உக்காந்திருக்கற கல்லாவுக்குத்தான் போவேன். ரொட்டிக் கடையில விரலை நீட்ட மாட்டேன். 'இது'ன்னு காட்டினா வேலை முடிஞ்சுடும், அதான் கூடாது. "ஒரு த்ரதிசியோன், ரொம்பச் சிவக்காம"ன்னு வாயால கேக்கணும். (த்ரதிசியோன்ங்கறது சாதா பகெத் இல்லை. என்னென்ன கலக்கக் கூடாது, உறைய வைக்கக் கூடாதுன்னு 1993-ல அரசாணையே போட்டு வெச்ச ரொட்டி. ருசியும் ஒரு படி மேல.) உடனே அந்தம்மா "எ அவெக் சஸி?"ம்பாங்க. வேற என்ன வேணும்னு அர்த்தம். எனக்கு முதல் ஆறு மாசம் அது புரியாம "உய்"ன்னு தலையாட்டுவேன். அவங்க காத்துக்கிட்டு நிப்பாங்க, நானும் நிப்பேன், பின்னாடி வரிசை பெருமூச்சு விடும். "ஸ ஸரா தூ", அவ்வளவுதான்னு சொல்லணும்னு எனக்குப் பின்னாடி நின்ன ஒரு பள்ளிக்கூடப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு.

போன் நம்பர் இன்னொரு கூத்து. இங்க ரெண்டு ரெண்டு எண்ணாத்தான் சொல்வாங்க. எழுபத்தெட்டை 'அறுபது-பதினெட்டு'ன்னு சொல்வாங்க, சுவசாந்த்-தீஸ்-உயித். முதல் பாதி காதுல விழுந்ததும் கை 6-ன்னு எழுதிடும், அப்புறம் அடிச்சுட்டு 7. பெல்ஜியத்துலயும் சுவிஸ்லயும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒழுங்கா தனிச் சொல் வெச்சிருக்காங்க, புண்ணியவான்கள். நான் பண்ணினது இதுதான்: ரயில்ல போறப்ப வர்ற கார் நம்பர், கடை போன் நம்பர் எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்றது. பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போயிருக்காங்க. போகட்டும், நமக்கும் இடம் கிடைச்சுது. என் கொள்கைப்படி இதுல எதிர்ல ஆள் இல்லையேன்னு நீங்க கேப்பீங்க. ஒத்துக்கறேன், இது ஒத்திகைதான். ஆனா வாய் திறந்த ஒத்திகை.

பெரிய பாடம் அந்த எதிர் வீட்டுப் பாட்டியம்மாகிட்டதான். அந்த ராத்திரிக்கு அப்புறம் நன்றி சொல்ல கேசரி கிளறிக்கிட்டுப் போனோம். அதுலேர்ந்து தினமும் சாயங்காலம் அவங்க குப்பைப் பையை நான் கீழ எடுத்துக்கிட்டுப் போறது, வாசல்ல நின்னு அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அஞ்சு நிமிஷம் சொல்றதுன்னு ஒரு வழக்கம் ஆச்சு. நடந்ததைச் சொல்லணும்னா இறந்த காலம் வேணும். இவங்க இறந்த காலத்துல பெரும்பாலான வினைக்கு ஒரு துணைவினை, போறது, வர்றது, பிறக்கறது, சாகறது மாதிரி கொஞ்சத்துக்கு வேற துணைவினை. நான் "ஜே அலே"ம்பேன். அவங்க திருத்தவே மாட்டாங்க. "ஓ, வூஸெத் அலே"ன்னு சரியான உருவத்துல திருப்பிச் சொல்லிட்டு, "அப்புறம்?"ம்பாங்க. அந்த "அப்புறம்?" இருக்கு பாருங்க, அதுக்கு ஈடு எந்த ஆப்புலயும் இல்லை. இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது. புத்தகத்துல இருக்கற "ஜ ந சே பா" வாய்ல "ஷே பா" ஆயிடுது, "இல் இ ஆ" வெறும் "யா" ஆயிடுது, 'நாம்'க்கு பதிலா முக்காவாசி நேரம் 'ஒன்'தான் ஓடுது. நம்ம ஊர்ல "கொண்டு வா" "கொண்டா" ஆகலயா, அது மாதிரி. மூணு வருஷம் ஓடுச்சு இப்படி. பாட்டியம்மா இப்ப இல்லை.

"அதெல்லாம் சரி, நேரம் இருக்கறவனுக்கு"ன்னு ஒரு குரல் வரும், அதுவும் நியாயம். லா ஷப்பெல் பக்கம் ஒரு உணவகத்துல வேலை செய்யற அண்ணை ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னை விட பத்து வருஷம் முன்னாடி வந்தவர். தட்டு கழுவறதுல ஆரம்பிச்சு இப்ப அடுப்படியே அவர் கையிலதான். (அவர் சமையல்கட்டை 'குசினி'ன்னுதான் சொல்வார். பிரெஞ்சுலேர்ந்து எடுத்ததான்னு கேட்டேன். இல்லைத் தம்பி, அது போர்த்துக்கீசன் விட்டுட்டுப் போனதாம், பாட்டி காலத்துலயே இருக்காம்.) "ஷோ தவான்!" அப்படின்னு அவர் கத்தினா பிரெஞ்சுக்காரனே சுவரோட ஒட்டிக்குவான். கொதிக்கறது வருது, வழி விடுன்னு அர்த்தம். மேல உபதேசம் பண்ணினேனே, எதிர்ல ஆள் நிக்கணும்னு, அதுக்கு அண்ணைதான் உயிருள்ள சாட்சி. என்ன, ஒரு கடுதாசி வந்தா படிக்கத் தெரியாது. என்கிட்டக் கொண்டு வருவார்.

இப்ப அவருக்கு ஒரு தலைவலி. குடியுரிமைக்கு எழுதிப் போடறதை வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தார். 2024 ஜனவரியில ஒரு குடியேற்றச் சட்டம் வந்துச்சு. அதன்படி 2026 ஜனவரி 1-லேர்ந்து, விலக்கு உள்ளவங்க போக, முதல் தடவையா பல வருஷ அட்டை கேக்கறவங்களுக்கு ஏ2, பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. குடியுரிமைக்கு முன்னாடி பி1 போதுமா இருந்தது. பி2-ன்னா சும்மா இல்லை. ஒரு விஷயத்துல உன் கருத்து என்ன, அதுக்கு எதிரா என்ன சொல்லலாம்னு பேசவும் எழுதவும் தெரியணும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு மணி நேரம் சட்டியோட நிக்கற மனுஷன்கிட்ட இதைக் கேக்கறது நியாயமான்னா, நியாயமே இல்லைன்னுதான் நான் சொல்வேன். அவர் மொழி அந்த நாட்டுக்கு முப்பது வருஷம் சோறு போட்டிருக்கு. ஆனா சட்டம் என்னைக் கேட்டுப் போடல.

"உனக்கு வாசிக்கத் தெரியும் தம்பி, எனக்குக் கதைக்கத் தெரியும். ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் ஒரு முழு ஆள்" அப்படின்னார் ஒரு நாள். அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஓய்வு நேரத்துல அரை மணி நேரம், தமிழ் தடை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதறேன். நான் சொல்ல அவர் எழுதறார். தமிழ்ல வாய் தவறினவன் தேத்தண்ணி வாங்கணும். இதுவரைக்கும் நான்தான் அதிகம் செலவு பண்ணியிருக்கேன்.

இன்னொரு சமாதானமும் சொல்வாங்க: "பாரீஸ்காரன் நம்ம பிரெஞ்சைக் கேட்டதும் இங்கிலீஷுக்குத் தாவிடறான்." தாவட்டும். நீங்க தாவாதீங்க. முதல்ல கடைக்குள்ள நுழைஞ்சதும் தெளிவா ஒரு "பொன்ஜூர்" வெக்காம நேரா விஷயத்துக்குப் போறவங்களுக்குத்தான் பாதி முகச்சுளிப்பு கிடைக்குது. மீதிப் பாதி அவமானம்தான், அதை மறைக்க மாட்டேன். ஒரு அலுவலகத்துல நான் சொன்ன வாக்கியத்தை அந்தம்மா அப்படியே என் உச்சரிப்புல திருப்பிச் சொல்லி பக்கத்து சீட்டுக்காரரைச் சிரிக்க வெச்சாங்க. வெளியில வந்து பத்து நிமிஷம் நின்னேன். மறுபடி உள்ள போய் அதே வாக்கியத்தை அவங்ககிட்டயே சொன்னேன், ஏன்னா தாள்ல முத்திரை இன்னும் வாங்கல. ஆந்தைகிட்ட இந்த அவமானம் கிடையாது, தப்பு பண்ணினா "பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்"ங்கும். அதனாலதான் அது இவ்வளவு இனிக்குது.

அந்த 412 தம்பி என்ன ஆனார்னு கேக்கறீங்களா? அடுத்த சனிக்கிழமை எங்க தெரு ரொட்டிக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நான் வெளியிலயே நின்னுட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தேன். விரல் நீட்டப் போனார், எடுத்துக்கிட்டார். ஏதோ பேசறார். அந்தம்மா காதைக் கிட்டக் கொண்டு வர்றாங்க. திரும்பச் சொல்றார். அப்புறம் "அவெக் சஸி?" கேட்டிருக்கணும், ஏன்னா தம்பி அப்படியே சிலையா நின்னார். நல்லா நேரம் நின்னார். பின்னாடி நாலு பேர்.

வெளியில வர்றப்ப கையில ஒரு ரொட்டிக்கு மூணு ரொட்டி இருந்துச்சு. ரெண்டை நான் வாங்கிக்கிட்டேன்.